புல் உள்ள இடத்தில்தான் கூடாரம்: லடாக் மலைப்பாதையில் பொதிக்குதிரைகளின் கணக்கு

லடாக்கில் மலைநடை போக ஏஜென்சியில் பணம் கட்டினால், நாள்வாரியாக ஒரு பயணத் திட்டம் தருவார்கள். அதைக் கையில் வைத்துப் பார்க்கும் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒரு நாள் மூன்று மணி நேர நடையிலேயே முகாம் வந்துவிடுகிறது. அடுத்த நாள் எட்டு மணி நேரம் நடக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் சமமாகப் பிரித்திருக்கலாமே? உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்பது ஒரு காரணம், தண்ணீர் இன்னொன்று. ஆனால் அந்த அட்டவணையில் பெயரே வராத ஒருவருக்காகத்தான் பெரும்பாலான முகாம்கள் முடிவாகின்றன. அது குதிரை. இரவு முழுக்க மேய்வதற்கு அதற்குப் புல் வேண்டும். லடாக் குளிர்ப் பாலைவனம் என்பதால் புல் எல்லா இடத்திலும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நான்கு பேர் எட்டு நாள் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட ஒரு கைடு, ஒரு சமையற்காரர், ஒரு உதவியாள், ஒரு குதிரைக்காரர் என்று மொத்தம் எட்டு வாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ என்றால் அரிசி, பருப்பு, மாவு, காய்கறி, முட்டை எல்லாம் சேர்த்து 64 கிலோ. நடப்பவர்களின் பைகள் தலைக்கு 12 கிலோ வீதம் 48. கூடாரங்கள், அடுப்பு, பாத்திர பண்டங்கள் 60 கிலோவுக்குக் குறையாது. எரிவாயு அல்லது மண்ணெண்ணெய் 20. கூட வரும் பணியாளர்களின் படுக்கையும் துணிமணியும் 40. கூட்டினால் 232 கிலோ. ஒரு குதிரைக்கு 50 கிலோ என்றால் ஐந்து குதிரைகள்.

இனி அந்த ஐந்துக்கும் சாப்பாடு. ஒரு குதிரைக்கு அதன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்காவது உலர்தீவனம் தினமும் வேண்டும். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது 5 கிலோ. ஐந்து குதிரைக்கு எட்டு நாளுக்கு 200 கிலோ. அதைச் சுமக்க இன்னும் நான்கு குதிரைகள் வேண்டும், அந்த நான்கும் தின்ன வேண்டும், அதைச் சுமக்க மறுபடியும் குதிரைகள் வேண்டும். ஆகவே தீவனத்தைக் கட்டிக்கொண்டு போகும் பேச்சுக்கே இடமில்லை. தெம்புக்காக ஒரு மூட்டை பார்லியோ கடலையோ கொண்டுபோவார்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வழியில் கிடைக்கும் புல். பொதிவிலங்கோடு போகும் பயணத்தின் முழுத் தர்க்கமும் இதற்குள்தான் இருக்கிறது. எங்கே தங்குவது, எத்தனை பேர் சேர்ந்து போகலாம், எந்த மாதம் போகலாம், ஏன் இவ்வளவு செலவு, ஏன் உள்ளூர்க்காரர்கள் சில சமயம் முகம் சுளிக்கிறார்கள் என்று எந்தக் கேள்வியைப் பிடித்து இழுத்தாலும் புல்லில் வந்து நிற்கும்.

ஐம்பது கிலோ என்ற அளவுக்கும் காரணம் இருக்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965-இல் வந்த விதிகள் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. அது நாடு முழுமைக்குமான விதி. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதியாகிவிடும் ஐயாயிரம் மீட்டர் கணவாயை ஏறும் குதிரைக்கு அதே 70 கிலோவை ஏற்றுவது சரியில்லை என்பது குதிரைக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

எல்லா விலங்கும் எல்லா வேலைக்கும் ஆகாது. சான்ஸ்காரிக் குதிரை என்று அங்கே ஒரு நாட்டு இனம் உண்டு. உயரம் குறைவு, பெரும்பாலும் சாம்பல் நிறம், நெஞ்சு விரிந்து கால் உறுதியாக இருக்கும். இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட குதிரை இனங்களில் ஒன்று. கலப்பினால் தூய இனம் அருகிப்போக, அதைக் காப்பாற்ற, லடாக்கின் ஒரு பகுதியான சான்ஸ்காரின் தலைநகர் பதுமில் அரசுப் பண்ணையே நடத்துகிறார்கள். ஹிமாச்சலின் மணாலி, லாஹூல் பக்கத்திலிருந்து வருபவர்கள் கோவேறு கழுதைகளையும் ஓட்டி வருவார்கள். ஊருக்குள் சில்லறைச் சுமைக்குக் கழுதை. யாக் எருதுக்கும் பசுவுக்கும் பிறந்த ஸோ உழவுக்கும் சுமைக்கும் ஆகும். பனிப் பக்கம் யாக்தான் ராஜா, ஆனால் மெதுவாக நடக்கும், தாழ்வான பள்ளத்தாக்குக்கு இறக்கினால் வெக்கை தாங்காது. வேகம், சுமை, கிடைத்ததை மேய்ந்து சமாளிக்கும் குணம் மூன்றும் ஓரளவுக்காவது சேர்ந்திருப்பது குதிரையில்தான். ஒரு குறை மட்டும் உண்டு. குதிரை அசைபோடும் விலங்கு அல்ல. மட்டமான புல்லையும் தின்று செரிக்கும், ஆனால் வயிறு நிரம்ப நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பகலில் சுமை இருப்பதால் அதற்கு மிஞ்சுவது இரவுதான்.

இந்தத் தொழில் சுற்றுலாவோடு பிறந்ததல்ல. லே கடைவீதி பல நூறாண்டு காலம் பொதிவிலங்குகளால் வாழ்ந்த ஊர். வடக்கே, இன்று சீனாவில் இருக்கும் யார்கண்டுக்குப் போகும் வணிகக் கூட்டங்கள் கர்துங் லா, சாசர் லா (லா என்றால் கணவாய்) தாண்டி, 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாயைக் கடந்து போயின. அந்தப் பாதையில் புல் அறவே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. அங்கே பசியாலும் களைப்பாலும் விழுந்த குதிரைகளின் எலும்புகளே வழி காட்டின என்று அன்றைய பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். வாடகைக்குக் குதிரை ஓட்டி வாழ்ந்தவர்களைக் கிராயாகஷ் என்று அழைத்தார்கள். 2020 இந்திய-சீன மோதலால் நமக்கெல்லாம் பெயர் பரிச்சயமான கல்வான் ஆறு, அப்படி ஒருவரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. லேயில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த குலாம் ரசூல் கல்வான் வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் குதிரை ஓட்டத் தொடங்கி, வணிகக்கூட்டத் தலைவராகி, கடைசியில் லேயில் வணிகர் விவகாரங்களைக் கவனிக்கும் பொறுப்பு வரை உயர்ந்தவர்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஜம்முவின் டோக்ரா மன்னர்கள் ஆட்சியில் அதிகாரிகள் போகும் வழியிலுள்ள கிராமங்கள் ஆளும் குதிரையும் முறைவைத்துக் கொடுத்தாக வேண்டும். பேகார் என்ற இந்தக் கட்டாய உழைப்பு, அறுவடை நேரத்தில் வந்தால் வீட்டுக்குச் சோறில்லாமல் ஆக்கிவிடும். பொதிக்குதிரையின் வரலாற்றைச் சாகசக் கதையாக மட்டும் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நான் விட விரும்பவில்லை, ஏனென்றால் கூலி நியாயமாக இருக்கிறதா என்ற கேள்வி அந்த மலைகளில் நேற்று முளைத்ததல்ல.

1949-இல் எல்லை மூடியதும் யார்கண்டு வணிகம் நின்றது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்ரீநகரிலிருந்து லேக்கு லாரி வந்தது. குதிரைகளுக்கு வேலை போய்விட்டது என்று தோன்றிய நேரத்தில், 1974-இல் லடாக்கை வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்டார்கள். நடக்க வந்தவர்களுக்குச் சுமை தூக்க விலங்கு வேண்டியிருந்தது. உப்பும் கம்பளியும் சுமந்த முதுகுகளில் கூடாரமும் தூக்கப்பையும் ஏறின. மார்க்கா பள்ளத்தாக்கு, லாமாயுருவிலிருந்து பதும், பதுமிலிருந்து தார்ச்சா, ரும்ட்ஸேயிலிருந்து ஸோ மோரிரி ஏரி என்று இன்று ட்ரெக்கிங் பாதைகளாக அறியப்படுபவை எல்லாம் ஊர்க்காரர்களும் வணிகர்களும் மேய்ப்பர்களும் காலங்காலமாக நடந்த வழிகள். புதிதாக யாரும் வெட்டவில்லை.

சரி, ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மாலை முகாமுக்கு வந்ததும் முதல் வேலை சுமையை இறக்கிக் குதிரைகளை அவிழ்த்துவிடுவது. தொலைதூரம் ஓடிவிடாமல் இருக்க ஒன்றிரண்டுக்கு முன்னங்கால்களைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டுவார்கள். கூட்டத்தின் தலைமைக் குதிரைக்குக் கழுத்தில் மணி. இரவில் அவை புல் தேடிச் சரிவில் ஏறிக்கொண்டே போகும். அதிகாலை நாலு, நாலரைக்கு, கூடாரத்துக்குள் இருப்பவர்கள் தூக்கப்பையின் வாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும் நேரத்தில், குதிரைக்காரர் எழுந்து மணிச்சத்தத்தைக் காதில் பிடித்தபடி மேலே போகிறார். சில நாள் அரை மணியில் கிடைக்கும். சில நாள் அடுத்த மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்த் தேட வேண்டியிருக்கும். நடப்பவர்கள் நாளைத் தொடங்கும் முன்பே அவர் கால் பங்கு நாளை நடந்து முடித்திருப்பார்.

சுமை கட்டுவதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதுகில் கம்பளி அல்லது நமுதா விரிப்பு, அதன்மேல் மரச்சட்டம் கொண்ட பொதிச்சேணம். வயிற்றைச் சுற்றி ஒரு வார். நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, ஏற்றத்தில் சேணம் பின்னால் வழுக்காமல் இருக்க. வாலுக்கு அடியில் இன்னொன்று, இறக்கத்தில் அது கழுத்துக்கு ஓடிவிடாமல் இருக்க. இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். குதிரைக்காரர் ஒவ்வொரு பையையும் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்தே ஜோடி சேர்ப்பார், தராசு கிடையாது. ஒரு பக்கம் மூன்று கிலோ கூடினாலும் நான்கு மணி நேரத்தில் சேணம் அந்தப் பக்கம் சாயும், தோல் உராயும், புண் வரும். புண் வந்த குதிரை அந்தப் பருவம் முழுக்க வேலைக்கு ஆகாது. அதனால்தான் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியையோ இரும்புச்சட்டம் உள்ள பெரிய முதுகுப்பையையோ கண்டால் அவர்கள் முகம் மாறுகிறது. நீளமான, மெத்தென்ற துணிப்பைதான் குதிரையின் விலாவோடு படிந்து உட்காரும்.

குதிரையின் உடம்பைப் பார்த்தே அதன் கடந்த காலத்தைச் சொல்லிவிடலாம். பழுப்புக் குதிரையின் முதுகில், சேணம் உட்காரும் இடத்தில், வெள்ளை மயிர்த் திட்டுகள் தெரிந்தால் அது பிறவி நிறமல்ல. எப்போதோ சேணப்புண் வந்து ஆறிய இடம். அங்கே மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும். ஒன்றிரண்டு திட்டு இருப்பது வேலை செய்யும் குதிரைக்குச் சகஜம். விரிப்பை எடுத்ததும் ஈரமாக, சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அன்று அந்தக் குதிரைக்குச் சுமை ஏற்றக் கூடாது. நல்ல குதிரைக்காரர் அதை யாரும் சொல்லாமலே செய்வார், சுமையை மற்ற நான்குக்கும் பிரிப்பார். லாடமும் அப்படித்தான். கூரிய கல்லில் நடந்து லாடம் தளர்ந்தால் அங்கேயே ஒரு காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து ஆணி அடிப்பார். அதற்கான சுத்தியலும் ஆணிகளும் அவருடைய மூட்டையில் எப்போதும் இருக்கும்.

காலை முகாமைக் கலைத்துச் சுமை கட்டி முடிய நேரமாவதால் குதிரைகள் நமக்குப் பின்னால்தான் கிளம்பும். ஆனால் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே நம்மைத் தாண்டிவிடும், நாம் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது கூடாரம் நின்றுகொண்டிருக்கும். பாதை குறுகலாக இருந்தால் எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை இடித்து ஆளைத் தள்ளிவிடும். கைடுகள் முதல் நாளே சொல்லும் பாடம் இது. இன்னொன்று ஆறு கடப்பது. பனியாறு உருகி வரும் ஓடைகள் காலையில் முழங்காலளவு, வெயில் ஏறி மதியமானால் குதிரையே தடுமாறும் அளவு. "சீக்கிரம் கிளம்புங்க" என்று கைடு அவசரப்படுத்துவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

மனிதர்களின் கணக்கும் ஒன்று இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ இருந்து கிளம்பி, டெல்லியில் விமானம் மாறி, அன்று காலையே 3,500 மீட்டரில் உள்ள லேயில் இறங்கிவிடுகிறோம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு மூன்று நாள் லேயில் சும்மா இருப்பதைச் சிலர் வீண் செலவாக நினைக்கிறார்கள். மொத்தப் பயணத்திலும் மிக அவசியமான நாட்கள் அவைதான். அதற்கு மேலே போகும்போது இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் தரும் பொதுவான வரையறை. தலைவலி, குமட்டல் வந்தால் அதே உயரத்தில் நிற்பது, கூடினால் இறங்குவது. நடை தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் கைவசம் இருக்கும் ஒரே வாகனமும் குதிரைதான். சுமையை இறக்கி வைத்துவிட்டு ஆளை ஏற்றிக் கீழே கொண்டுபோய்க் காப்பாற்றிய கதைகள் எல்லாக் குதிரைக்காரர்களிடமும் உண்டு.

நாம் கடந்து போகும் நிலம் பௌத்த நிலம் என்பதைச் சொல்லாமல் இந்த நடையைப் புரிந்துகொள்ள முடியாது. ஊர் எல்லையில் சோர்டன் எனப்படும் தூபிகள், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட மணிச்சுவர்கள். சுவர் எப்போதும் நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் நடக்க வேண்டும், அதனால் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்து சுவர் முடிந்ததும் சேரும். பழகிய குதிரைகள் யாரும் ஓட்டாமலே சரியான பக்கம் திரும்பும். கணவாய் உச்சியில் கற்குவியலும் கொடிகளும் இருக்கும். அங்கே ஏறி வந்தவர்கள் "கி கி சோ சோ லார்கியாலோ" என்று கடவுளர்க்கு வெற்றி முழக்கம் இடுவார்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் அந்தக் கொடி ஒன்றைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். நடுவில் ஒரு குதிரை, முதுகில் சுடர்விடும் ரத்தினத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். சுமை தூக்கும் விலங்கைத் துணியில் அச்சடித்து மலையுச்சியில் பறக்கவிட்ட மக்கள் அவர்கள்.

மடங்களும் இந்த முதுகுகளை நம்பியே வாழ்ந்தன. சான்ஸ்காரில் குகை வாயில் தேன்கூடு மாதிரி ஒட்டியிருக்கும் புக்தால் மடத்துக்கு அரிசியும் எண்ணெயும் குதிரையில்தான் போயின. 1820-களில் அங்கேயும் ஸாங்லாவிலும் தங்கித் திபெத்திய மொழி படித்த ஹங்கேரிக்காரர் சோமா டி கோரோஷ், 1834-இல் திபெத்திய-ஆங்கில அகராதியை வெளியிட்டார். திபெத்தியல் என்ற படிப்புக்கே அது அடிக்கல்.

இப்போது மறுபடியும் புல்லுக்கு வருவோம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான். மார்க்கா பாதையில் கொங்மரு லாவுக்கு முந்தைய இரவு நிமாலிங் என்ற சமவெளியில் தங்குவார்கள். கிட்டத்தட்ட 4,800 மீட்டர் உயரம், எதிரே 6,400 மீட்டர் காங் யாட்ஸே சிகரம். பள்ளத்தாக்கின் ஊர்கள் கோடையில் ஆடுகளையும் யாக்குகளையும் மேய்க்க மேலே கொண்டுவரும் இடம் அது. அங்கே பனி விலகிப் புல் தலைகாட்டுவதே சில வாரங்கள். அதே வாரங்கள்தான் ட்ரெக்கிங் பருவம். கூட்டம் அதிகமுள்ள நாளில் வெளியூர்க் குதிரைகள் டஜன் கணக்கில் ஒரே புல்வெளியில் இறங்கினால், ஊராரின் ஆடுமாடுகளுக்கு என்ன மிஞ்சும்? குதிரைக்குப் பல் மேலும் கீழும் இருப்பதால் அடியோடு கடித்து மேயும். சில ஊர்கள் முகாமுக்கும் மேய்ச்சலுக்கும் கட்டணம் வாங்குவது இதனால்தான். அதைப் பணம் பறிப்பு என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது அவர்களுடைய மேய்ச்சல் நிலம், நாம் போகும் வழியில் அதைத் தின்றுவிட்டுப் போகிறோம்.

காட்டு விலங்குகளுக்கும் அதே புல்தான். இந்தப் பாதையின் பெரும்பகுதி 1981-இல் அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. சரிவுகளில் மேயும் பரல் என்ற நீலச்செம்மறிதான் பனிச்சிறுத்தையின் முக்கிய இரை. 2024-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாகச் சொன்னது. அதில் 477 லடாக்கில். பரலுக்குப் புல் குறைந்தால் சிறுத்தை ஊர்ப் பட்டிக்குள் இறங்கும். ஒரே இரவில் பட்டியில் இருந்த ஆடுகளையெல்லாம் கொன்றுவிட்டுப் போன சம்பவங்கள் அங்கே நிறைய. ஊரார் சிறுத்தையை வெறுத்தார்கள், அது நியாயமான வெறுப்பு.

இதற்குக் கிடைத்த ஒரு நல்ல விடை ஹோம்ஸ்டே. லடாக்கைச் சேர்ந்த ரின்சென் வாங்சுக் தொடங்கிய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் ரும்பக் போன்ற ஊர்களில் வீட்டோடு தங்கும் முறையை வளர்த்தது. சிறுத்தை இருப்பதால் விருந்தாளி வருகிறார், விருந்தாளியால் வீட்டுக்கு வருமானம், பட்டிக்கு மேலே கம்பிவலை போட உதவி. வருமானம் நேரே வீட்டுப் பெண்கள் கைக்குப் போனது இதில் பெரிய விஷயம். நடப்பவருக்கும் வசதி. கூடாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், இரவு பார்லி மாவில் செய்த சூடான சாப்பாடும் கெட்டியான போர்வையும் கிடைக்கும், முதுகில் எட்டுக் கிலோ பையோடு போய் வரலாம். ஐந்து குதிரை தேவைப்பட்ட இடத்தில் ஒன்றுகூட வேண்டாம்.

புல்லுக்கு நல்லது, பரலுக்கு நல்லது, வீட்டுக்கு நல்லது. குதிரைக்காரருக்கு மட்டும் வேலை போனது. இதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. என் கருத்து இதுதான்: ஊர் இருக்கும் பள்ளத்தாக்குகளில் வீடுகளில் தங்குவதே சரி, குதிரையோடு முகாம் போடும் நடையை ஊரே இல்லாத பாதைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ரும்ட்ஸேயிலிருந்து ஸோ கார் வழியாக ஸோ மோரிரி போகும் பாதை அப்படிப்பட்டது. சாங்தாங் மேட்டுநிலத்தில், ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் பலவற்றைக் கடந்து போக வேண்டும். வழியில் பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பாக்களின் கூடாரங்களைத் தவிர வீடு கிடையாது. குதிரை இல்லாமல் அங்கே போகவே முடியாது. ஆனால் அங்கும் புல் சாங்பாக்களுடையது என்பதால் சிறு குழுவாகப் போவது நல்லது.

குதிரைகளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும் பெரிய சக்தி ஹோம்ஸ்டே அல்ல, சாலை. தார்ச்சாவிலிருந்து 5,091 மீட்டர் உயர ஷிங்கு லா தாண்டி, கர்கியாக், புர்னே வழியாகப் பதும் போகும் ஒன்பது, பத்து நாள் நடை ஒரு காலத்தில் லடாக்கின் தலைசிறந்த பாதை. தார்ச்சாக் குதிரைக்காரர்களின் பிழைப்பே அதில்தான். 2024 மார்ச்சில் 298 கிலோமீட்டர் நிம்மு-பதும்-தார்ச்சா சாலை முழுதாக இணைந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஷிங்கு லாவுக்கு அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு முதல் வெடி வைத்தார்கள். லாமாயுரு பக்கப் பாதையில் லிங்ஷெட் வரை வண்டி போகிறது. சிலிங்கில் பாலம் தாண்டி, ஸ்கியு வழியாக மார்க்கா பள்ளத்தாக்குக்குள்ளும் சாலை ஏறிவிட்டது. புழுதி கிளப்பும் ஜீப்புக்குப் பக்கத்தில் நடக்க யார் வருவார்கள்?

சாலை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பு அறுந்து, உறைந்த சான்ஸ்கார் ஆற்றின்மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போன அப்பாக்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியாமல் தவித்த குடும்பங்கள் இருக்கின்றன. நாம் பார்த்து ரசித்த தொலைவு அவர்களுக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகும் தொலைவு. நான் கேட்பது ஒன்றுதான். மிச்சமிருக்கும் பாதைகளிலாவது குதிரைக்காரர் கௌரவமாகப் பிழைக்க வழி இருக்க வேண்டும். ஏனென்றால் அவர் போய்விட்டால், எந்த ஓடையோரம் ஜூலையில் புல் இருக்கும், எந்தச் சரிவில் குதிரைக்கு ஆகாத செடி இருக்கும் என்ற அறிவும் கூடவே போய்விடும். அதை எந்த வரைபடத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அவருடைய வரவு செலவு மிக இறுக்கமானது. நடை இருப்பது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, சுமார் மூன்று மாதம். குதிரையோ பன்னிரண்டு மாதமும் தின்னும். லடாக் வீடுகளின் கூரையில் அடுக்கி வைத்திருக்கும் குதிரை மசால் என்ற காய்ந்த தீவனப்பயிரும் வைக்கோலும் குளிர்காலத்துக்கான கையிருப்பு. அது போதாவிட்டால் விலைக்கு வாங்க வேண்டும். ஓநாய்க்கோ சறுக்கலுக்கோ ஒரு குதிரை போனால் அந்த வருடச் சம்பாத்தியமே போச்சு. அப்புறம் திரும்பும் நாட்கள். நாம் நடையின் முடிவில் ஜீப் ஏறி லே போய்விடுவோம். குதிரைகள் ஜீப்பில் ஏறாது, வந்த வழியே நடந்துதான் திரும்ப வேண்டும். அந்த நாட்களுக்கும் கூலி உண்டு என்பது வழக்கம். விலை குறைத்துப் பிடிக்கும் ஏஜென்சிகள் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான். இரண்டாவதாகக் குதிரைகளின் எண்ணிக்கையில் கை வைப்பார்கள், ஐந்து வேண்டிய இடத்தில் நான்கு. ஐந்தாவது குதிரையின் சுமை அந்த நான்கு முதுகில் பிரிந்து ஏறும்.

ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை குதிரை வருகிறது, திரும்பும் நாட்களுக்குக் குதிரைக்காரருக்குக் கூலி சேர்த்திருக்கிறதா? பதில் நேராக வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். உங்கள் பையை வீட்டிலேயே எடை போட்டு 12 கிலோவுக்குள் நிறுத்துங்கள். முதல் நாள் காலை சுமை கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், மாலை இறக்கும்போது குதிரையின் முதுகைப் பாருங்கள், புண் இருந்தால் அதற்குச் சுமை ஏற்ற வேண்டாம் என்று கைடிடம் சொல்லுங்கள். இனாம் கொடுப்பதாக இருந்தால் மொத்தமாக யாரோ ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லாமல், குதிரைக்காரருக்கு உரியதை அவர் கையிலேயே கொடுங்கள். அதையும் கடைசி இரவே செய்துவிடுவது நல்லது. காலையில் நீங்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.